ஆய்வகத் தட்டில் வளரும் கேன்சர் செல்

"புற்றுநோய் செல்களை அழிக்கும் அபூர்வ மூலிகை: ஆய்வகத்தில் நிரூபணம்." இந்த மாதிரித் தலைப்பு கண்ணில் படாத மாதமே இல்லை. கீழே யாராவது "அப்புறம் ஏன் இதை மருந்தாக்காமல் மறைக்கிறார்கள்?" என்று கேட்டிருப்பார்கள். செய்தி பெரும்பாலும் பொய்யாகவும் இருக்காது. யாரோ ஒருவர் உண்மையிலேயே பிளாஸ்டிக் தட்டில் செல்களை வளர்த்து, அதில் அந்தச் சாற்றை விட்டு, அவை செத்ததைப் பார்த்திருப்பார். ஆனால் பிளீச்சிங் கரைசலை விட்டாலும் அந்தச் செல்கள் சாகும். உப்பில்லாத வெறும் தண்ணீரில் போட்டால்கூட உப்பி வெடித்துவிடும்.

ஆகவே, சாறு என்ன செய்தது என்று கேட்பதற்கு முன்னால், தட்டில் இருந்தது என்ன என்று கேட்க வேண்டும். "கேன்சர் செல்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அது எப்போதோ ஒருவருடைய கட்டியிலிருந்து வந்தது. பிறகு பல வருடங்கள், சில சமயம் பல பத்தாண்டுகள், பிளாஸ்டிக்கில் வாழ்ந்தது. அந்த வாழ்க்கைக்கு ஏற்ற மாதிரி ஆகிப்போனது. நோயாளியின் உடம்பில் இருப்பதற்கும் அதற்கும் உறவு உண்டு. இரண்டும் ஒன்றுதான் என்று நினைக்கும்போதுதான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

ஒடித்து நட்ட கிளை

ரோஜாக் கிளையை ஒடித்துத் தொட்டியில் நட்டால் வேர் பிடித்துக்கொள்கிறது. தாய்ச் செடி பட்டுப்போனாலும் தொட்டியில் இருப்பது வாழும். அதிலிருந்து இன்னொரு கிளை, இன்னொரு தொட்டி என்று போய்க்கொண்டே இருக்கலாம். உடம்பிலிருந்து எடுத்த செல்லை வெளியே வைத்து வளர்ப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். இதற்குச் செல் வளர்ப்பு என்று பெயர். ஆய்வகத்தில் எல்லோரும் "கல்ச்சர்" என்பார்கள். இப்படி ஒரே மூலத்திலிருந்து வந்து, நின்றுபோகாமல் தொடர்ந்து வளரும் செல் வம்சத்துக்கு "செல் லைன்" என்று பெயர்.

கிளைக்கு மண்ணும் தண்ணீரும் போதும். செல்லுக்கு அது போதாது. உடம்பில் அதற்கு எல்லாவற்றையும் ரத்தம் கொண்டுவந்து கொடுத்தது; இங்கே நாம்தான் கொடுக்க வேண்டும். அதற்காகத் தயாரிக்கும் திரவம்தான் மீடியம்: உப்பு, குளுக்கோஸ், அமினோ அமிலம், வைட்டமின் எல்லாம் கலந்தது. அதோடு பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சீரம் சேர்ப்பது வழக்கம். சீரம் என்பது ரத்தத்தில் அணுக்களையும் உறையும் பொருளையும் நீக்கிய பிறகு மிஞ்சும் தெளிந்த நீர். பெரும்பாலும் பிறக்காத கன்றுகளின் ரத்தத்திலிருந்து எடுப்பது. "இரண்டாகப் பிரியலாம்" என்று செல்லுக்குச் சொல்லும் புரதங்கள் அதில்தான் இருக்கின்றன.

இதையெல்லாம் இன்குபேட்டர் என்ற பெட்டிக்குள் வைப்பார்கள். உள்ளே 37 டிகிரி செல்சியஸ் வெப்பம், நல்ல ஈரப்பதம், 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. அந்த வாயு செல் மூச்சு விடுவதற்காக அல்ல. மீடியத்தின் அமிலத்தன்மையை ஒரே நிலையில் பிடித்து வைப்பதற்காக.

ஒரு வாரம், ஒரு ஃபிளாஸ்க்

செல் வளர்வதை வர்ணிப்பதைவிட ஒரு வாரம் கூடவே இருந்து பார்ப்பது நல்லது.

முதல் நாள் காலையில் ஃபிளாஸ்கில், அதாவது தட்டு மாதிரியே பயன்படும் மூடியுள்ள தட்டையான பிளாஸ்டிக் குடுவையில், விட்ட செல்கள், நுண்ணோக்கியில், மிதக்கும் கண்ணாடி மணிகள் மாதிரி உருண்டையாக மின்னும். சாயங்காலத்துக்குள் பெரும்பாலானவை அடியில் ஒட்டிக்கொண்டு தட்டையாகிவிடும். மறுநாள் வரை எண்ணிக்கை பெரிதாகக் கூடாது. புது வீட்டுக்குக் குடிவந்தவர்கள் சாமான் இறக்குகிற நேரம் அது. அதற்கப்புறம் அங்கங்கே ஒரு செல் திரும்பவும் உருண்டையாக எழும்பி மின்னுவது தெரியும். அதுதான் பிரிகிற செல். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அந்த இடத்தில் இரண்டு.

இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி எண்ணிக்கை மடங்குகளில் ஏறும் கட்டம் இது. நாலாவது, ஐந்தாவது நாளில் ஃபிளாஸ்கின் அடிப்பகுதி முக்கால்வாசிக்கு மேல் மூடிவிடும். மீடியத்தின் நிறமும் மாறும். அதில் ஃபீனால் ரெட் என்ற சாயம் கலந்திருக்கும். சாதாரணமாகச் சிவப்பு, அமிலம் கூடக்கூட ஆரஞ்சு, பிறகு மஞ்சள். நுண்ணோக்கியே வேண்டாம், கதவைத் திறந்து நிறத்தைப் பார்த்தாலே செல்கள் எப்படி இருக்கின்றன என்று ஓரளவு சொல்லிவிடலாம். நான் ஒருமுறை நீண்ட விடுமுறைக்கு முன்னால் ஒரு ஃபிளாஸ்கை மறந்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து திறந்தால் பளீரென்ற மஞ்சள். உள்ளே பாதிக்கு மேல் செத்து மிதந்தன.

மஞ்சள் ஆவதற்குக் காரணம் லாக்டிக் அமிலம். புற்றுநோய் செல்கள் பலவும் ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதுகூட குளுக்கோஸை முழுக்க எரிக்காமல், பாதியில் விட்டு, லாக்டிக் அமிலமாக வெளியே தள்ளுகின்றன. 1920-களில் ஆட்டோ வார்பர்க் என்ற ஜெர்மன் விஞ்ஞானி கவனித்தது இது. வார்பர்க் விளைவு என்று அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். "சர்க்கரையை நிறுத்தினால் கேன்சர் பட்டினி கிடந்து சாகும்" என்ற பிரபலமான பேச்சு இங்கிருந்து கிளம்பியதுதான். தட்டில் குளுக்கோஸை நிறுத்த நம்மால் முடியும். உடம்பில் முடியாது: நாம் சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் குளுக்கோஸைத் தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும், மூளைக்கு அது வேண்டும் என்பதால்.

சரி, ஃபிளாஸ்க் நிறைந்துவிட்டது. இனி இடம் மாற்ற வேண்டும். மீடியத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, டிரிப்சின் என்ற நொதியைக் கொஞ்சம் விட்டு, சில நிமிடம் வைப்பார்கள். செல்களைப் பிளாஸ்டிக்கோடு பிடித்து வைத்திருக்கும் புரதங்களை அது வெட்டிவிடும். ஃபிளாஸ்கின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினால், ஒட்டியிருந்த படலம் ஈர மணல் சரிவது போல வழுக்கி இறங்கும். அதில் ஒரு சிறு பங்கை எடுத்துப் புது ஃபிளாஸ்கில் விடுவார்கள். மிச்சத்தின் பெரும்பகுதி குப்பைக்குப் போகும். இந்த இடமாற்றத்துக்கு பாஸேஜ் என்று பெயர். எத்தனையாவது பாஸேஜ் என்று ஃபிளாஸ்க் மேலேயே எழுதி வைப்பது வழக்கம்.

ஏன் மிச்சத்தைக் கொட்ட வேண்டும்? ஒரு நாளுக்கு ஒரு முறை இரட்டிக்கும் 1 லட்சம் செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நாளில் 1,024 மடங்கு, அதாவது 10 கோடிக்கு மேல். இன்னும் பத்து நாளில் 10,000 கோடியைத் தாண்டும். வைக்க இடம் இருக்காது. கொட்டுவதைத் தவிர வழியில்லை. இந்தக் "கொஞ்சம் எடு, மிச்சத்தைக் கொட்டு" என்ற பழக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடக்கும் மாற்றத்துக்கெல்லாம் பாதிக் காரணம் இதுதான்.

இதுவரை பார்த்தது: கட்டியிலிருந்து எடுத்த செல்லுக்கு உணவும் சூடும் கொடுத்தால் அது பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு பெருகும், இடம் நிறைந்ததும் ஒரு பங்கு மட்டும் புது ஃபிளாஸ்குக்குப் போகும். இனி, எல்லாச் செல்லாலும் இப்படிப் போய்க்கொண்டே இருக்க முடியுமா என்று பார்ப்போம்.

ஓரம் தேய்ந்துபோகும் நகல்

முடியும் என்றுதான் ரொம்ப நாள் நம்பினார்கள். அலெக்ஸிஸ் கேரல் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர் 1912-ல் தொடங்கிய கோழிக்குஞ்சு இதயத் திசுவின் கல்ச்சர் 1946 வரை ஓடியது. நோபல் பரிசு பெற்றவர் சொன்னால் யார் மறுத்துப் பேசுவது? வேறு யார் செய்தாலும் அது வரவில்லை. வராதவர்கள் தங்கள் கைப்பிழை என்றே நினைத்துக்கொண்டார்கள். உணவாக ஊற்றிய கோழிக் கரு சாற்றோடு புதுச் செல்களும் சேர்ந்து போயிருக்கலாம் என்பதுதான் பின்னாளில் பலர் சொன்ன விளக்கம்.

1961-ல் லெனார்ட் ஹேஃப்லிக், பால் மூர்ஹெட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் அந்த நம்பிக்கையை உடைத்தார்கள். சாதாரண மனிதச் செல்களை எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாலும், சுமார் 50 முறை இரட்டித்த பிறகு அவை நின்றுவிட்டன. சாகவில்லை, பிரிவதை நிறுத்திக்கொண்டன. இதற்கு ஹேஃப்லிக் வரம்பு என்று பெயர்.

காரணம் அப்புறம்தான் தெரிந்தது. ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுக்கிறோம். இயந்திரம் ஒவ்வொரு முறையும் ஓரத்தில் ஒரு துளியை விட்டுவிடுகிறது. நகலுக்கு நகல் எடுத்துக்கொண்டே போனால் முதலில் வெற்று ஓரம் குறையும், எழுத்துக்குச் சேதமில்லை. ஓரம் முழுக்கத் தீர்ந்ததும் எழுத்து வெட்டுப்படத் தொடங்கும். செல் பிரியும்போது நகலெடுக்கும் டி.என்.ஏ இழைதான் குரோமோசோம்; அதன் இரண்டு முனைகளிலும் இப்படி ஒரு "வெற்று ஓரம்" உண்டு. அந்த ஓரத்தின் பெயர் டீலோமியர். செல் பிரியும்போதெல்லாம் அது கொஞ்சம் குறையும்; அளவுக்கு மேல் குறைந்ததும் செல் பிரிவதை நிறுத்திவிடும்.

பெரும்பாலான புற்றுநோய்களின் செல்கள் இந்த ஓரத்தைத் திரும்ப ஒட்டிக்கொள்கின்றன. அதற்கு உதவும் நொதி டீலோமரேஸ். நம்முடைய கருவில் அது வேலை செய்தது. பிறகு உடம்பின் பெரும்பாலான செல்களில் அணைத்து வைக்கப்பட்டது. புற்றுநோய் செல் அதை மறுபடி போட்டுக்கொள்கிறது. "சாகாத செல்" என்று சொல்வதன் பொருள் இவ்வளவுதான். பசியில் அதுவும் சாகும், என் விடுமுறையே சாட்சி.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. தட்டில் வளரும் பல சாதாரணச் செல்கள் பக்கத்துச் செல்லைத் தொட்டதும் நின்றுவிடும். ஒரே அடுக்கோடு சரி. புற்றுநோய் செல்கள் பலவற்றுக்கு இந்தக் கட்டுப்பாடு இருப்பதில்லை. இடம் தீர்ந்தால் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொள்ளும்.

பரவலான ஒரு தப்பெண்ணத்தை இங்கேயே கழற்றிவிடலாம். புற்றுநோய் செல் என்றால் மற்ற எல்லாச் செல்லையும்விட வேகமாகப் பிரிவது என்று நினைக்கிறோம். நம் குடலின் உள்தோல் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகிவிடுகிறது. பல கட்டிகள் இரு மடங்காவதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஆக்ஸிலேட்டரை அழுத்துவது மட்டும் பிரச்சினை இல்லை, பிரேக் பிடிக்காததும் பிரச்சினை. மாதக்கணக்கில் இரட்டித்த கட்டியின் வாரிசு தட்டில் ஓரிரு நாளில் இரட்டிக்கிறது என்றால், நடுவில் ஏதோ மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

ஹீலா

புற்றுநோய் செல்லாக இருந்தாலும் தட்டில் போட்டதெல்லாம் வளர்ந்துவிடாது. அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஜார்ஜ் கை என்பவர் பல வருடமாகக் கட்டித் துண்டுகளை வாங்கி வளர்த்துப் பார்த்தார், எல்லாம் செத்தன. 1951-ல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து ஒரு துண்டு வந்தது. நோயாளியின் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து "ஹீலா" என்று குழாயில் எழுதினார்கள். அந்தச் செல்கள் ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் இரட்டித்தன. ஹென்ரியெட்டா அதே ஆண்டு அக்டோபரில், 31 வயதில் இறந்துபோனார். செல்கள் இன்றும் உலகம் முழுக்க வளர்கின்றன. அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. குடும்பத்துக்கு விஷயம் தெரிய இருபது வருடத்துக்கு மேல் ஆனது.

ஏன் அந்தச் செல் மட்டும்? ஒரு பங்கு விடை 1980-களில் கிடைத்தது. அதற்குள் எச்.பி.வி-18 என்ற வைரஸின் மரபணுக்கள் போய் உட்கார்ந்திருந்தன. வைரஸின் இரண்டு புரதங்கள் செல்லின் இரண்டு முக்கிய பிரேக்குகளைக் கழற்றிப் போட்டிருந்தன. டீலோமரேஸும் ஓடிக்கொண்டிருந்தது.

செல் "கற்றுக்கொள்வதில்லை"

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். "கேன்சர் செல் புத்திசாலி, சூழலுக்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொள்கிறது" என்று பேசுவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. செல்லுக்குத் திட்டம் எதுவும் கிடையாது. நடப்பது வெறும் கணக்கு.

செல் பிரியும்போது டி.என்.ஏ-வை நகலெடுக்க வேண்டும். நகலில் எழுத்துப்பிழை விழும். இதுதான் மரபணுப் பிறழ்வு. புற்றுநோய் செல்களில் பிழை திருத்தும் ஏற்பாடு பலசமயம் கெட்டுக் கிடப்பதால் பிழைகள் அதிகம். குரோமோசோம்களையே சரியாகப் பங்கு போடத் தெரியாதவையும் உண்டு. மனிதச் செல்லில் 46 குரோமோசோம் இருக்க வேண்டும். ஹீலா செல்களில் 70-க்கும் 90-க்கும் நடுவில், செல்லுக்குச் செல் ஒரு எண்ணிக்கை. ஆக, ஒரு ஃபிளாஸ்கில் இருப்பது ஒரே அச்சில் வார்த்த கோடிப் பேர் இல்லை. கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசமான கோடிப் பேர்.

இவர்களில் ஆயிரத்தில் ஒன்று மட்டும், ஏதோ ஒரு பிழையின் தயவால், 24 மணி நேரத்துக்குப் பதில் 20 மணி நேரத்தில் இரட்டிக்கிறது என்று வையுங்கள். பெரிய வித்தியாசம் மாதிரித் தெரியவில்லை. 60 நாளில் மற்றவை 60 முறை இரட்டிக்கும், இது 72 முறை. கூடுதலாக 12 முறை என்றால் 4,096 மடங்கு. ஆயிரத்தில் ஒன்றாக இருந்தது, இரண்டு மாதத்தில் ஐந்தில் நாலு பங்காகிவிட்டது! யாரும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. மெதுவானவை ஒவ்வொரு பாஸேஜிலும் நீர்த்துக்கொண்டே வந்தன, அவ்வளவுதான். இயற்கைத் தேர்வு என்று பரிணாமப் பாடத்தில் படித்தது இதே விஷயம். அங்கே லட்சம் வருடம், இங்கே ஒரு ஃபிளாஸ்க்.

எதற்குத் தேர்வு நடக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. பிளாஸ்டிக்கில் சீக்கிரம் ஒட்டுவது, டிரிப்சினைத் தாங்குவது, கொட்டிக் கிடக்கும் உணவை வேகமாகத் தின்று பிரிவது. ரத்தக் குழாயை வரவழைப்பது, நோய் எதிர்ப்புச் செல்லிடமிருந்து ஒளிவது, எலும்புக்கோ ஈரலுக்கோ பரவுவது என்று உடம்பில் பிழைக்கத் தேவைப்பட்ட திறமைகளை இங்கே யாரும் கேட்பதில்லை. கேட்காத திறமை தொலைந்தாலும் தட்டில் எந்த நஷ்டமும் இல்லை.

அதிர்ஷ்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. பாஸேஜில் மிகச் சிறு பங்கை எடுக்கும்போது, எந்தச் சிறப்பும் இல்லாத ஒரு வகை தற்செயலாக அதிகம் வந்து மாட்டலாம். அடுத்த ஃபிளாஸ்கில் அதுதான் கூட்டம்.

சுருக்கமாக: தனிச் செல் மாறுவதில்லை என்றில்லை, அதில் பிழை விழுகிறது. ஆனால் "செல் லைன் மாறிவிட்டது" என்கிறபோது பெரும்பாலும் மாறியிருப்பது கூட்டத்தில் யார் எத்தனை பேர் என்ற கணக்கு.

ஒரே பெயர், பல பாடபேதம்

பழைய ஏடுகளைக் கையால் பிரதி எடுத்த காலத்தில், ஒரே பாட்டு ஊருக்கு ஒரு விதமாக மாறியிருக்கும். பதிப்பாசிரியர்கள் அவற்றை அடுக்கிவைத்துப் பாடபேதம் பார்ப்பார்கள். செல் லைன்களுக்கும் இந்தக் கதிதான். எம்.சி.எஃப்-7 என்று மார்பகப் புற்றுநோய்க்கு ஒரு பிரபலமான செல் லைன் இருக்கிறது. 1970-களின் தொடக்கத்திலிருந்து உலகம் முழுக்கக் கைமாறி வந்தது. ஒவ்வொரு ஆய்வகத்திலும் அது தனியாக நூற்றுக்கணக்கான முறை இரட்டித்திருக்கும்.

2018-ல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. எம்.சி.எஃப்-7 என்று பெயரிட்ட 27 பிரதிகளைத் திரட்டி, மரபணுக்களை ஒப்பிட்டு, 321 மருந்துப் பொருட்களையும் கொடுத்துப் பார்த்தார்கள். மரபணு வித்தியாசங்கள் ஏராளம். சில பிரதிகளைக் கடுமையாகத் தடுத்த பொருட்களில் குறைந்தது நான்கில் மூன்று பங்கு, வேறு சில பிரதிகளை ஒன்றுமே செய்யவில்லை. பெயர் ஒன்று, மூலம் ஒன்று, விடை வேறு. "அவர்கள் சோதனையை நாங்கள் செய்தால் வரவில்லையே" என்ற பழைய புலம்பலில் ஒரு பகுதிக்குக் காரணம் இங்கே இருக்கிறது. எல்லாமே மோசடி என்று நினைக்க வேண்டியதில்லை.

எழுத்து மாறாமலே நடத்தை மாறுவது

மரபணு அப்படியே இருந்தும் செல் வேறு மாதிரி நடந்துகொள்ளலாம். ஒரு வீட்டில் இருக்கும் விளக்குகள் எல்லாம் அதேதான், எந்த ஸ்விட்சைப் போட்டிருக்கிறோம் என்பதுதான் வேறு. எந்த மரபணு ஓட வேண்டும், எது அணைந்திருக்க வேண்டும் என்பதைச் சுற்றுப்புறம் பெரிய அளவில் தீர்மானிக்கிறது.

தட்டின் சுற்றுப்புறம் உடம்பை மாதிரி இல்லவே இல்லை. பிளாஸ்டிக் கல் மாதிரிக் கெட்டி. மார்பகத் திசு மெத்தை மாதிரி மிருது. உடம்பில் செல்லுக்கு எல்லாப் பக்கமும் அண்டை வீடு உண்டு. இங்கே கீழே தரை, மேலே திரவம். காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன் இருக்கிறது. உடம்பின் திசுக்களில் அதில் பாதிகூட இருக்காது, கட்டியின் நடுவில் இன்னும் மோசம். பரவலாகப் பயன்படும் ஒரு மீடியத்தில் குளுக்கோஸ் லிட்டருக்கு 4.5 கிராம், நம் ரத்தத்தில் சாதாரணமாக 1 கிராம் அளவுதான். தீராத சர்க்கரை நோயில் வாழ்கிற செல் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

1997-ல் மினா பிஸ்ஸெல் என்ற உயிரியலாளரின் குழு செய்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. மார்பகப் புற்றுநோய் செல்களைத் தட்டையான பிளாஸ்டிக்கில் இல்லாமல் ஜெல்லுக்குள் வளர்த்தார்கள். ஒழுங்கில்லாத கட்டிகளாக வளர்ந்தன. செல் தன் சுற்றுப்புறத்தைத் தொட்டு உணரும் ஒரு புரதத்தை ஆன்டிபாடியால் அடைத்ததும், அதே செல்கள் ஒழுங்கான உருண்டைகளாக அடங்கின, ஏறக்குறைய சாதாரணத் திசுவைப் போல. மரபணுவில் கை வைக்கவே இல்லை. தட்டையான பிளாஸ்டிக்கில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்திருக்காது.

மருந்து விட்டால்

ஃபிளாஸ்கில் ஒரு புற்றுநோய் மருந்தை விடுகிறோம். மூன்று நாளில் நூற்றில் தொண்ணூற்றொன்பது செத்துவிட்டன. தலைப்புச் செய்தி இங்கே முடிந்துவிடும். ஃபிளாஸ்கைக் கொட்டாமல் வைத்திருந்தால் கதை தொடரும். சில வாரத்தில் அங்கங்கே தீவு மாதிரிக் கூட்டங்கள் தெரியும். ஒரு மாதத்தில் ஃபிளாஸ்க் மறுபடி நிறையும். இந்த முறை அதே மருந்து வேலை செய்யாது.

எப்படி? இரண்டு வழி. மருந்தைத் தாங்கும் பிறழ்வு உள்ள ஒன்றிரண்டு செல் முன்னாலேயே கூட்டத்தில் இருந்திருக்கலாம். மருந்து அதன் போட்டியாளர்களை ஒழித்துக் கொடுத்தது. அல்லது, எந்தப் பிறழ்வும் இல்லாத சில செல்கள் பிரிவதை நிறுத்திப் பதுங்கிக்கொண்டன; பிரிகிற செல்லைத் தாக்கும் மருந்துக்கு அவை பிடிபடவில்லை. பதுங்கியிருந்த காலத்தில் அவற்றில் ஒன்றில் புதிய பிறழ்வு விழலாம். நோயாளியின் உடம்பிலும் இந்த இரண்டும் நடக்கின்றன. செல் வளர்ப்பு நோயைப் பற்றி நேர்மையாகச் சொல்லிக்கொடுக்கும் இடங்களில் இது ஒன்று. மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் வழக்கத்துக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது: ஒரே செல்லில் இரண்டு தற்காப்பும் ஏற்கனவே இருப்பது அரிது.

லேபிள் ஒன்று, உள்ளே வேறு

மாறுவதோடு நிற்காமல், ஆளே மாறிவிடுவதும் உண்டு. வேகமாக வளரும் ஒரு செல்லின் சொட்டு, திரவத்தை உறிஞ்சி எடுக்கும் பிப்பெட் குழாயின் முனையில் இன்னொரு ஃபிளாஸ்குக்குப் போனால் போதும். மேலே போட்ட கணக்கின்படி சில வாரத்தில் வீட்டுக்காரரை வெளியேற்றிவிடும். ஹீலா அப்படித்தான் செய்தது. 1966-ல் ஒரு மாநாட்டில் ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியலாளர், வெவ்வேறு நபர்களிடமிருந்து வந்ததாக நம்பப்பட்ட 18 செல் லைன்களில் ஹீலாவுக்கு உரிய நொதி வகையே இருப்பதைக் காட்டினார். ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் மட்டுமே பரவலாகக் காணப்படும் வகை அது. பல லைன்களின் மூல நபர்கள் வெள்ளையர்கள். அரங்கில் இருந்தவர்களுக்கு அது இனிக்கவில்லை.

இன்று பிழையானவை என்று பட்டியலிட்டிருக்கும் செல் லைன்கள் 500-க்கு மேல். மார்பகப் புற்று என்று நம்பி நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுதப்பட்ட எம்.டி.ஏ-எம்.பி-435 என்பது உண்மையில் மெலனோமா, அதாவது நிறமிச் செல்லில் தோன்றும் தோல் புற்று. இப்போது டி.என்.ஏ கைரேகை மாதிரியான ஒரு எளிய சோதனை இருக்கிறது. அதைச் செய்யாமல் கட்டுரையை வாங்குவதில்லை என்று பல இதழ்கள் சொல்லிவிட்டன. இது முப்பது வருடம் முன்பே நடந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரியும் சத்தமில்லாமல் குடியேறும். செல் சுவரே இல்லாத பாக்டீரியா என்பதால் பெனிசிலின் அதை ஒன்றும் செய்யாது. மீடியத்தைக் கலங்க வைக்காது, சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது. செல்லின் உணவைத் தின்று, அதன் நடத்தையை மாற்றிக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் தட்டு எதற்கு?

இவ்வளவு குறை சொன்ன பிறகு, இதைத் தூக்கிப் போட்டுவிடலாமே என்று தோன்றலாம். போட முடியாது. போலியோ தடுப்பூசியைச் சோதிக்க ஹீலா செல்கள் பெரிய அளவில் உழைத்தன. கருப்பைவாய்ப் புற்றுக்கு எச்.பி.வி காரணம் என்ற, ஜெர்மன் விஞ்ஞானி ஹெரால்டு ட்சூர் ஹவுஸனின் கண்டுபிடிப்பு (2008 நோபல்) 2006-ல் தடுப்பூசியாக வந்தது. அந்தப் பாதையில் செல் லைன்கள் இருக்கின்றன. ஒரு மரபணுவை அணைத்தால் என்ன ஆகும் என்பதை மனிதர் மேல் செய்து பார்க்க முடியாது. தட்டில் ஒரு வாரத்தில் பார்த்துவிடலாம்.

தட்டை உடம்புக்குப் பக்கத்தில் கொண்டுபோகும் முயற்சிகளும் நடக்கின்றன. நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த செல்களை ஜெல்லுக்குள் வளர்த்தால், மூல உறுப்பின் அமைப்பை ஓரளவு காட்டும் சிறு உருண்டைகள் கிடைக்கும். ஆர்கனாய்டு என்று பெயர். ரத்த ஓட்டமும் நோய் எதிர்ப்பும் அதிலும் இல்லை. ஆனாலும் பிளாஸ்டிக்கைவிட எவ்வளவோ மேல்.

மூலிகைச் செய்தி அடுத்த முறை வந்தால் நான் பார்ப்பது இவ்வளவுதான்: எந்த செல் லைன், ஒன்றா பலவா, பக்கத்திலேயே சாதாரணச் செல்லுக்கும் கொடுத்துப் பார்த்தார்களா, தட்டில் விட்ட அளவு ஒரு மனிதரின் ரத்தத்தில் எட்டக்கூடிய அளவுதானா. கடைசிக் கேள்வியிலேயே பெரும்பாலான செய்திகள் விழுந்துவிடும்.

மாற்றத்தை நிறுத்த ஆய்வகங்களிடம் ஒரே ஒரு நல்ல வழிதான் இருக்கிறது: கடிகாரத்தை நிறுத்துவது. செல் லைன் கைக்கு வந்த முதல் வாரத்திலேயே கொஞ்சம் பெருக்கி, பனிப்படிகம் செல்லைக் கிழிக்காமல் இருக்க டி.எம்.எஸ்.ஓ என்ற திரவத்தைக் கலந்து, நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் மெல்லக் குளிர்வித்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் தொட்டியில் இறக்கிவிடுவார்கள். இருபது, முப்பது பாஸேஜ் ஓடிய ஃபிளாஸ்கைக் கொட்டிவிட்டு, அங்கிருந்து ஒரு குப்பியை எடுப்பார்கள். விரல் நீளக் குப்பி, மேலே பெயர், தேதி, பாஸேஜ் எண். வெதுவெதுப்பான நீர்த் தொட்டியில் ஒரு நிமிடம் ஆட்டினால் உள்ளே இருக்கும் பனி உருகி ஒரு சிறு கட்டி மட்டும் மிஞ்சும். அந்தக் கட்டத்திலேயே எடுத்து மீடியத்தில் விட வேண்டும், தாமதித்தால் டி.எம்.எஸ்.ஓ செல்லைக் கொன்றுவிடும். மறுநாள் காலையில் பார்த்தால் கொஞ்சம் செத்து மிதக்கும், மிச்சம் அடியில் ஒட்டியிருக்கும். ஃபிளாஸ்கில் பாஸேஜ் எண்ணை எழுதிவிட்டு, மறுபடி எண்ணத் தொடங்க வேண்டியதுதான்.